முதல் லிப்ஸ்டிக்கின் வாசனை ஏன் திரும்பக் கிடைப்பதில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: "சிறுவயதில் அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்துப் பூசிக்கொண்ட லிப்ஸ்டிக், பவுடர் ஆகியவற்றின் வாசனை இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. அதே பெயரில் இப்போது வாங்கினால் அந்த வாசனை இல்லை. பொருள் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா? அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று இன்னும் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?"

ஒப்பனைப் பொருள்களைத் தயாரிக்கும் வேலையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற முறையில், கொஞ்சம் ஏமாற்றமளிக்கும் செய்தி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏங்கும் அந்த வாசனை உங்களை மகிழ்விக்கச் சேர்க்கப்பட்டதன்று. வேறொரு நாற்றத்தை மறைக்கச் சேர்க்கப்பட்டது.

லிப்ஸ்டிக் குச்சியின் உடம்பு மெழுகும் எண்ணெயும்தான். தேன்மெழுகு, பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு, ஆமணக்கு எண்ணெய், ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லனோலின் என்ற கொழுப்பு, இவற்றோடு நிறமி. ஆமணக்கு எண்ணெய்க்கு ஒரு மக்கிய வீச்சம் உண்டு. லனோலினை முகர்ந்தால் நனைந்த ஆடு நினைவுக்கு வரும். இந்தக் கலவையை மூக்குக்கு இரண்டு விரற்கடை கீழே பூசிக்கொண்டு நாள் முழுவதும் நடமாட வேண்டும். ஆகவே நாற்றத்தை அடக்க வாசனை தேவைப்பட்டது. ரோஜா ஒன்று, வயலட் பூ மற்றொன்று.

வயலட் பூவிலிருந்து எடுக்கும் தைலம் ஒரு காலத்தில் செல்வந்தர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற பொருள். 1893-இல் டீமான், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அயனோன் என்ற சேர்மத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். வயலட்டின் மணம் அதற்குள் இருந்தது. அதன்பிறகு அந்த மணம் சோப்புக்கும் பவுடருக்கும் உதட்டுச்சாயத்துக்கும் தாராளமாகப் போய்ச் சேர்ந்தது. "பழைய லிப்ஸ்டிக் வாசனை" என்று எந்த நாட்டுக்காரர் சொன்னாலும் மற்றவருக்குப் புரிந்துவிடுவதற்கு இதுதான் காரணம். வாசனைத் திரவியக் கலைஞர்கள் இன்றும் ரோஜா, வயலட், ஐரிஸ் வேர் ஆகிய மூன்றின் சேர்க்கையை "லிப்ஸ்டிக் மணம்" என்றே தங்களுக்குள் குறிப்பிடுகிறார்கள். மறைப்பதற்காகப் போர்த்திய போர்வையே ஆளின் அடையாளமாகிவிட்டது.

அயனோனுக்கு இன்னொரு வேடிக்கைக் குணம் உண்டு. மூக்கின் உணர்விகளை அது விரைவில் சோர்வடையச் செய்துவிடும். முகர்ந்தால் வரும், சில நொடிகளில் காணாமல் போகும், சற்று நேரம் கழித்து மறுபடி வரும். குழந்தையாக இருந்தபோது மூடியைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தீர்கள் அல்லவா? பொருளின் மீதிருந்த ஆசை ஒரு பாதி என்றால், இந்தக் கண்ணாமூச்சி மறுபாதி.

சரி, அது ஏன் இத்தனை ஆண்டுகள் தங்கியிருக்கிறது? கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் மூளையின் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் அதன் மேலடுக்கான புறணிக்குச் செல்கின்றன. மணம் அந்தச் சந்திப்பில் நிற்காமல், உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸுக்கும் மிக அருகில் போய் இறங்குகிறது. ஸ்வீடனில் வில்லாண்டர், லார்சன் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதியவர்களிடம் சொற்களையும் படங்களையும் காட்டியபோது அவர்களுக்குப் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நினைவுகள் வந்தன. மணங்களைக் கொடுத்தபோதோ பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளே மேலோங்கி வந்தன.

இதை என் வேலையிலும் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம் "உங்கள் முதல் ஒப்பனைப் பொருள் எது?" என்று கேட்டால், சொந்தக் காசில் வாங்கிய லிப்ஸ்டிக்கின் பெயரையும் நிறத்தையும் சொல்வார். "அது எப்படி மணக்கும்?" என்று கேட்டால் தயங்குவார். பிறகு அவர் விவரிக்கத் தொடங்குவது தன் லிப்ஸ்டிக்கை அல்ல, அம்மாவுடையதை, அல்லது பெரியம்மாவின் கைப்பையை. கைப்பை திறக்கும்போது வரும் அந்தக் கலவை மணத்தை, பவுடரும் தோலும் பழைய கைக்குட்டையும் சேர்ந்ததை, எந்தத் தொழிற்சாலையும் தயாரித்ததில்லை. அதைத் திரும்ப வாங்க முடியாது என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவரிடம் சொல்வதில்லை.

முகத்துக்குப் பூசிக்கொள்ளும் சிவப்புக்கும் "இது நான்" என்ற உணர்வுக்கும் அறிவியலிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் குழந்தைகளின் மூக்கில் அவர்களுக்குத் தெரியாமல் கொஞ்சம் ரூஜ், அதாவது கன்னச் சிவப்பு, தடவிக் கண்ணாடி முன் விட்டார். மிகச் சிறிய குழந்தைகள் கண்ணாடியில் தெரிவது வேறொரு குழந்தை என்று நினைத்து விளையாடின. ஒன்றரை வயதுக்கு மேல், இரண்டு வயதை நெருங்கும்போதுதான் பலர் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். வாழ்வில் கண்ணாடியோடு நடந்த முதல் உரையாடலை அளக்க ஆய்வாளர் கையில் எடுத்தது ஒப்பனைப் பெட்டியைத்தான். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதே குழந்தை தானாக ஒரு சிவப்புக் குச்சியை எடுத்து வாயைச் சுற்றித் தீட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, வீட்டார் சிரிப்பார்கள். சிரிக்கலாம்தான், ஆனால் அது விளையாட்டு மட்டுமல்ல.

அப்படி நின்றவர்கள் பெரும்பாலும் கையும் களவுமாகப் பிடிபட்டதற்கும் வேதியியல்தான் காரணம். முந்தைய தலைமுறை லிப்ஸ்டிக்குகளில் ஈயோசின் குடும்பத்துச் சாயங்கள் இருந்தன. தொழிலில் அவற்றுக்கு "ப்ரோமோ அமிலம்" என்று பெயர். இவை தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்பவை. மெழுகைத் துடைத்தெடுத்துவிடலாம், சாயம் போகாது. முகத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாலும் வாயைச் சுற்றி ஓர் இளஞ்சிவப்பு வளையம் மிஞ்சும். தாய்மார்களுக்கு அந்த வளையமே போதுமானதாக இருந்தது. இந்தச் சாயத்தைக் கரைக்கத்தான் ஆமணக்கு எண்ணெய் தேவைப்பட்டது. அந்த எண்ணெயின் வீச்சத்தை மறைக்கத்தான் வயலட். ஒன்றைத் தொட்டால் அடுத்தது வருகிறது.

அதே சாயம்தான் பலருடைய முதல் "மந்திர லிப்ஸ்டிக்"குக்கும் காரணம். குச்சியில் ஆரஞ்சாகவோ பச்சையாகவோ இருக்கும், உதட்டில் பட்டதும் ரோஜா நிறமாகும். அமெரிக்காவில் டாஞ்சி என்ற பெயரில் விற்ற ஆரஞ்சுக் குச்சி இந்த வகையில் மிகவும் புகழ்பெற்றது. குச்சிக்குள் சாயம் அமில வடிவில் மங்கலாக இருக்கிறது. உதட்டின் ஈரத்தையும் அங்கே நிலவும் குறைந்த அமிலத்தன்மையையும் சந்தித்தவுடன் வேறு வடிவுக்கு மாறிச் சிவக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிறம் தரும் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இளஞ்சிவப்புதான். அதில் பெரியவர்கள் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்கு ஓர் அடக்கம் இருந்தது. வயதுக்கு வந்தும் லிப்ஸ்டிக்குக்கு அனுமதி கிடைக்காத பெண்களுக்கு அது ஒரு நடுவழி. பச்சைக் குச்சிகள் இப்போதும் புதிய கண்டுபிடிப்பு போல அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. நான் சிரித்துக்கொள்வேன்.

சாயத்தின் ஒட்டும் குணத்தைக் குறையாகப் பார்க்காமல் மூலதனமாக்கியவர் ஹேசல் பிஷப். நியூயார்க்கில் வேதியியலாளராக இருந்த அவர், கோப்பையிலும் கன்னத்திலும் ஒட்டாத லிப்ஸ்டிக்கைத் தன் வீட்டுச் சமையலறையில் சோதித்துச் சோதித்து உருவாக்கி 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உதட்டை வறளச் செய்யும் என்ற முணுமுணுப்பு அப்போதே உண்டு. அழியாத லிப்ஸ்டிக்குகள் மீது அதே முணுமுணுப்பு இன்றும் தொடர்கிறது.

வாசனைக்கு அடுத்தபடியாக மக்கள் மறக்காமல் சொல்வது கையின் நினைவு. உலோகக் குழாயில் நெம்புகோலைத் தள்ளி லிப்ஸ்டிக்கை மேலே கொண்டுவரும் அமைப்பு 1915 வாக்கில் மாரிஸ் லெவி பெயரோடு வந்தது. நாம் அறிந்த, அடிப்பாகத்தைத் திருகினால் எழும்பும் குழாய்க்கு 1923-இல் ஜேம்ஸ் புரூஸ் மேசன் காப்புரிமை பெற்றார். இந்தத் திருகலில் ஓர் எதிர்ப்பு இருக்கும். சுலபமாகவும் சுற்றக்கூடாது, இறுகவும் கூடாது. அதற்காக உள்ளே கெட்டியான கிரீஸ் தடவுவார்கள். குழந்தைகள் முழுவதும் மேலே திருகிவிட்டு, அப்படியே மூடியைப் போட்டு அழுத்துவார்கள். நசுங்கிய அந்த முனையையும், மூடியின் உட்புறத்தில் ஒட்டிய சிவப்பையும் பார்த்தாலே யார் வேலை என்று தெரிந்துவிடும்.

மஸ்காராவைப் பற்றி மூத்தவர்கள் சொல்வதை இளையவர்கள் நம்புவதில்லை. சிறு தட்டையான பெட்டியில் கறுப்புக் கட்டி, கூடவே பல் துலக்கும் பிரஷ்ஷின் குட்டி போல ஒன்று. கட்டியை ஈரமாக்கித்தான் இமையில் தீட்ட வேண்டும். தண்ணீர் எடுத்துவர யாருக்குப் பொறுமை? எச்சிலைத் துப்பித் தேய்த்தார்கள். மேபலின் நிறுவனம் 1917-இல் விற்கத் தொடங்கிய கட்டி இந்த வகைதான். அது பெரும்பாலும் சோப்பும் கரியும் கலந்தது, அழுதால் கண் எரியும். குழாயும் குச்சியுமாக இருக்கும் இன்றைய வடிவம் 1950-களின் இறுதியில் ஹெலினா ரூபின்ஸ்டைன் வழியாகப் பரவியது. எச்சில் மஸ்காராவுக்கு மட்டும் ஏங்குபவரை நான் இன்னும் சந்தித்ததில்லை.

நகப்பூச்சின் வாசனை வேறு ரகம். அதற்குள் யாரும் மணம் சேர்க்கவில்லை. எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போகும் வாசனையே அது. பழைய பூச்சுகளில் அமில் அசிட்டேட்டும் இருந்ததால் வாழைப்பழ மணம் அடித்தது. மிச்சமாகி நகத்தில் மின்னுவது நைட்ரோசெல்லுலோஸ் என்ற படலம். கார்களுக்கு அடித்த பளபளப்பு வண்ணத்துக்கும் அதுதான் அடிப்படை. குப்பியைக் குலுக்கும்போது "டிக் டிக்" என்று கேட்கும் சிறு உலோகக் குண்டுகள், அடியில் தங்கிய நிறமியைக் கலக்கப் போடப்பட்டவை. அந்த ஒலியை வைத்தே "அக்கா நகத்துக்குப் பூசப்போகிறாள்" என்று ஓடிவந்த தங்கைகள் ஏராளம். முதலில் வலது கைக்காரர் தன் இடது கையில் அழகாகப் பூசிக்கொள்வார். பிறகு இடது கையால் வலது கைக்குப் பூசும்போதுதான் தங்கையின் உதவி தேவைப்படும். தொழில்முறை ஒப்பனைக் கலைஞர்கள் சிலர் அங்கேயே ஆரம்பித்தவர்கள்.

கிரீம்களில் இரண்டு குலங்கள். மூதாதை கோல்ட் கிரீம், அதாவது குளிர்ந்த கிரீம். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜா நீர் ஆகியவற்றைக் கலந்தது. நீர் ஆவியாகும்போது தோல் குளிரும். மற்றது ஸ்நோ. ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியைக் காரத்தால் சோப்பாக்கிச் செய்வது. பூசியதும் மறைந்துவிடும். ஜாடியைத் திறந்ததும் மேற்பரப்பில் முத்துப் போன்ற ஒரு மினுமினுப்புத் தெரியும் அல்லவா, அது ஸ்டியரிக் அமிலப் படிகங்களின் வேலை. முதல் விரலை வைத்து அந்தப் பரப்பைக் குலைப்பதற்கு வீட்டில் போட்டியே நடந்திருக்கும்.

இதுவரை இனிப்பாகவே போய்விட்டது. பலருக்கு முதல் ஒப்பனையின் நினைவு அவமானத்தோடு கலந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுத்த, மாநிறத் தோல் உடையவர்களிடம் பேசினால் அவர்கள் முதலில் சொல்வது வாசனையை அல்ல, சாம்பல் நிறத்தை. முகம் ஒருவருடையதாகவும் கழுத்து வேறொருவருடையதாகவும் தெரிந்த அந்தப் புகைப்படத்தை. காரணம் எளிது. பவுடரையும் ஃபவுண்டேஷனையும் வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்துத் தயாரித்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற வெள்ளைப் பொருள்கள் ஒளியைச் சிதறடிக்கும். அவற்றை ஈடுகட்டப் போதிய அளவு சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைச் சேர்க்காவிட்டால் கறுத்த தோலில் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. இவர்களுக்காகவும் செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை. அமெரிக்காவில் எபனி பத்திரிகையோடு தொடர்புடைய யூனிஸ் ஜான்சன், தங்கள் மேடை நிகழ்ச்சிகளில் கறுப்பின மாடல்கள் தங்களுக்கான நிறத்தைத் தாங்களே கலந்துகொள்வதைக் கவனித்தார். 1973-இல் ஃபேஷன் ஃபேர் என்ற ஒப்பனை வரிசை பிறந்தது. 2017-இல் ஃபென்டி பியூட்டி ஒரே நாளில் 40 ஃபவுண்டேஷன் நிறங்களோடு வந்தபோது, மற்ற நிறுவனங்கள் அவசர அவசரமாகத் தங்கள் வரிசையை நீட்டின. இடையில் 44 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் முதல் பவுடரைப் பூசிக்கொண்ட ஒரு பெண்ணிடம் "பழைய காலம் எவ்வளவு இனிமை" என்று நான் சொல்லமாட்டேன்.

இனி, பொருள் மாறிவிட்டதா என்ற உங்கள் கேள்வி. ஆம், பொருள் மாறிவிட்டது. டப்பாவின் மேலே உள்ள பெயர் அப்படியே இருக்கும், உள்ளே கலவை பலமுறை மாறியிருக்கும். கஸ்தூரி மணத்துக்காகப் பவுடர்களில் போட்ட மஸ்க் அம்ப்ரெட், வெயில் பட்டால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கியதால் விலக்கப்பட்டது. சோப்பிலும் கிரீமிலும் லில்லிப் பூ மணம் தந்த லிலியாலை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் தடை செய்துவிட்டது. அதே வகையைச் சேர்ந்த லைராலும் 2021-இல் அங்கே கடைகளிலிருந்து வெளியேறியது. ஒரு பெரிய சந்தையில் தடை வந்தால் உலகம் முழுவதும் ஒரே கலவையை விற்கும் நிறுவனங்கள் எல்லா இடத்திலும் மாற்றிவிடும். டால்க்கும் விடைபெறுகிறது. மிக மென்மையான கனிமம் என்பதால் அதன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அந்த வழுவழுப்புக்கு நிகர் இல்லை. ஆனால் சுரங்கத்தில், புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிமம் அதன் அண்டைவீட்டுக்காரன். ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-இல் உலகம் முழுவதும் டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. 2024-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. சோளமாவை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள், லேசாக முறுமுறுக்கும். "இது அந்தப் பவுடர் இல்லை" என்று உங்கள் விரல் சொன்னால், விரல் சரியாகத்தான் சொல்கிறது.

நீங்களும் மாறியிருக்கிறீர்கள். நடுவயது கடந்தபின் மோப்பத்திறன் மெல்லக் குறையும். மறைந்துபோன சில வாசனைத் திரவியங்களை உண்மையான வடிவில் முகர விரும்பினால், பிரான்ஸில் வெர்சாய் நகரில் 1990 முதல் இயங்கும் ஆஸ்மோதெக் என்ற மணக் காப்பகம் இருக்கிறது. அங்கே குப்பிகளை இருட்டில், குளிரில், ஆர்கான் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள். காற்றின் ஆக்சிஜன் மணத்தைத் தின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கையில் இருக்கும் பழைய பெட்டிக்கு வருவோம். கண்ணுக்கு இடும் எதையும் பயன்படுத்தாதீர்கள். மஸ்காராவில் நீர் இருப்பதால் கிருமி வளரும். திறந்து சில மாதங்களிலேயே அதை மாற்றிவிட வேண்டும், பல ஆண்டுகளானதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பழைய கண்மையில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பண்டைய எகிப்து முதலே கலீனா என்ற ஈயத் தாது கண்மைக்குப் பயன்பட்டிருக்கிறது. குழந்தைகளின் கைக்கு அது எட்டவே கூடாது. முகத்தை வெளுப்பாக்கும், மங்கு என்ற கருந்திட்டைப் போக்கும் என்று எழுதியிருக்கும் பழைய கிரீமில் பாதரசம் இருக்கலாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2020-ஐக் கெடுவாக வைத்து ஒழிக்கச் சொன்ன பொருள்களில் இத்தகைய கிரீம்களும் அடக்கம். குப்பையில் வீசாமல், அபாயகரமான கழிவுகளைப் பெறுபவர்களிடம் ஒப்படையுங்கள். டால்க் பவுடரைத் தட்டித் தூசி கிளப்ப வேண்டாம்.

லிப்ஸ்டிக் ஒன்றுதான் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள ஏற்றது. அதில் நீர் இல்லாததால் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. எண்ணெய் சிக்கு பிடித்திருக்கும், ஆகவே உதட்டில் பூசாதீர்கள். வெப்பம் ஏறி இறங்கினால் குச்சியின் மேல் துளித்துளியாக எண்ணெய் கசியும், நாங்கள் அதை "வியர்க்கிறது" என்போம். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, வெப்பம் சீராக இல்லை என்பதன் அறிகுறி. மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, இறுக மூடும் சிறு கண்ணாடி ஜாடிக்குள் நிற்க வைத்து, அலமாரியின் குளிர்ந்த இருட்டான மூலையில் வையுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மணத்தில் கொஞ்சம் செலவாகிறது என்பதால் அடிக்கடி திறக்க வேண்டாம். திறந்தால் நீளமாக இழுக்காதீர்கள், குறுகலாக ஒரு முறை முகருங்கள். வாசனை போய்விட்டது போலத் தோன்றினால் அவசரப்பட்டு மூடிவிடாமல் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முகர்ந்து பாருங்கள். அயனோன் உள்ளே மிச்சமிருந்தால் திரும்பி வரும்.